ஐந்தாம் அறையிலிருந்து

2024 ஜூலை 1, திங்கள்

இன்று எனக்கு வயது எழுபத்தேழு ஆண்டு, இரண்டு மாதம், பத்தொன்பது நாள். வயதை முழு எண்ணில் சொல்கிறவர்கள் சோம்பேறிகள், அல்லது எதையோ மறைப்பவர்கள். முப்பத்தொரு ஆண்டு ஒரு மகளிர் கல்லூரியில் உளவியலும் புள்ளியியலும் கற்பித்தவள் நான். தசமங்களை விட்டுவிடுவதில்லை.

கும்பகோணத்திலிருந்து அருணகிரியின் கடிதம் வந்திருக்கிறது. எண்பத்து மூன்று வயதிலும் கையெழுத்து நடுங்கவில்லை. நலமா என்ற கேள்வியே இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்திருந்தார். 1979இல் நாங்கள் செய்த சோதனையைக் கடைசியாக ஒருமுறை சிறிய அளவில் திரும்பச் செய்ய வேண்டுமாம். அவர் அங்கே, நான் இங்கே திருச்சியில். இருபது நாள், தினமும் மாலை நான்கு மணி முதல் நான்கு இருபது வரை. அவற்றில் பத்து நாள் அவர் என் பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், பத்து நாள் செய்தித்தாள் படிப்பார். எந்த நாள் எது என்பது எனக்குத் தெரியாது. நான் என் நாடித்துடிப்பை அளந்து எழுதி வைக்க வேண்டும். முடியும்வரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது.

கடைசி நிபந்தனை சிரமமில்லை. பதினோரு ஆண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

ஓர் அஞ்சலட்டையில் 'சரி' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

ஜூலை 3, புதன்

முதல் அமர்வு. கொரோனா காலத்தில் வாங்கிய, நாடி காட்டும் விரல்கருவியைத் தேடி எடுத்தேன். பேட்டரி கசிந்திருந்தது. கடைவீதி வரை நடந்து புதிது வாங்கி வந்தேன்.

நான்கு மணிக்கு நாடி 72. நான்கு பத்துக்கு 81. நான்கு இருபதுக்கு 74.

காலை வாங்கிய கத்தரிக்காயில் பாதி சொத்தை.

ஜூலை 6, சனி

வீட்டு வேலைக்கு வரும் ஆரோக்கியமேரி, நான் விரலில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னா டீச்சரம்மா, கொரோனா திரும்ப வந்துருச்சா?"

"இல்ல. கும்பகோணத்துல ஒருத்தர் என்னை நினைக்கிறாரா இல்லையான்னு பாக்குறேன்."

"அதுக்கு போனப் போட்டுக் கேட்டா ஆச்சு."

"அவரு சொல்றது நம்பகமில்ல. அதான் நாடியைக் கேக்குறேன்."

சற்று யோசித்தாள். "ஆம்பளங்க சொல்றத நம்ப முடியாதுதான். சரி, அதுக்கு ஏன் ஃபேன அமத்திட்டு இந்தப் புழுக்கத்துல வேவுறீங்க? வேர்த்து ஊத்துது பாருங்க."

விசிறியை அணைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் உட்காருகிறேன். காரணம் எனக்குத் தெரியும். இந்த நாட்குறிப்புக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

72, 82, 75.

ஜூலை 9, செவ்வாய்

71, 80, 73. எரிவாயு உருளை வந்தது. கொண்டுவந்தவர் என் பெயரைத் தவறாகப் படித்தார். திருத்தினேன்.

ஜூலை 11, வியாழன்

பிற்காலத்தில் யாராவது இந்தக் குறிப்பைப் படித்தால் குழம்பாமல் இருக்க, பழைய சோதனையைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

ஒருவர் மனத்தால் மட்டுமே இன்னொருவருடைய உடலில் மாற்றத்தை உண்டாக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 1979இல் பல்கலைக்கழக உளவியல் துறையில் அருணகிரி விரிவுரையாளர், நான் ஆய்வு உதவியாளர். எனக்கு முப்பத்திரண்டு வயது. நீண்ட தாழ்வாரத்தின் ஒரு கோடியில் முதல் அறை, மறு கோடியில் ஐந்தாம் அறை. இடையில் பூட்டிய மூன்று அறைகள். முதல் அறையில் என் உள்ளங்கையில் இரண்டு உலோகத் தகடுகளைக் கட்டி உட்கார வைப்பார்கள். உள்ளங்கை மிகச் சிறிதளவு வியர்த்தாலும் கருவியின் முள் காகிதச் சுருளில் மேலேறும். ஐந்தாம் அறையில் அருணகிரி. சீட்டுக் குலுக்கலில் வந்த நிமிடங்களில் மட்டும் அவர் ஸ்லைடு ப்ரொஜெக்டரைப் போடுவார். சுவரில் ஐந்தடி உயரத்துக்கு என் முகம் விழும். அதை அரை நிமிடம் உற்றுப் பார்ப்பார், பிறகு அணைத்துவிடுவார். ஒரு நாளைக்கு இருபது முறை. மொத்தம் நாற்பத்திரண்டு நாள்.

எச்சரிக்கைகளில் குறை வைக்கவில்லை. என் கண்ணில் கறுப்புத் துணி, காதில் பஞ்சு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர் என்பதால் கருவிக்குத் தனி ஸ்டெபிலைசர். 'எந்தப் புலனுக்கும் வழி விடப்படவில்லை' என்று கட்டுரையில் அருணகிரி எழுதினார். அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவள் நான்.

அவர் பார்த்த நிமிடங்களில் முள் ஏறியது. பார்க்காத நிமிடங்களில் ஏறவில்லை. தற்செயலாக அப்படி நிகழ ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. கணக்கைப் போட்டவளும் நான்தான். கணக்கில் பிழையில்லை.

அவர் மனைவி மரகதம் எங்கள் இருவருக்கும் சேர்த்தே கேரியரில் சோறு அனுப்புவார். நல்ல பெண்மணி. எலுமிச்சைச் சாதத்தில் மட்டும் உப்பு குறையும்.

இன்று 72, 83, 75. வெயில் அதிகம்.

ஜூலை 14, ஞாயிறு

அருணகிரியின் பேத்தி யாமினி வந்தாள். இருபத்து நான்கு வயது. உளவியல் முதுகலையில் பதக்கம் வாங்கியவள். இந்த இருபது நாள் சோதனைக்குச் சீட்டுக் குலுக்கி உறையில் போட்டு வைத்திருப்பவளும் அவள்தான். வாசலிலேயே "பாட்டி" என்றாள்.

"பாட்டின்னு கூப்பிட நான் எதையும் பெறல. மேடம்னு கூப்பிடு."

"சாரி மேடம். தாத்தா சொன்னாரு, நீங்க கடிப்பீங்கன்னு."

"வேற என்ன சொன்னாரு?"

"உங்களை மாதிரி ஒரு ஆளு உலகத்துலயே இல்லன்னு."

அடுக்களைக்குப் போய் காப்பி கலந்தேன். சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டேன் போலும். அவள் முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள், வளர்ப்பு நன்று.

பழைய காகிதச் சுருள்களைப் பார்க்க வந்திருந்தாள். இரும்பு அலமாரியிலிருந்து நாற்பத்திரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். தரையில் விரித்து, முழந்தாளிட்டு, முள் போன வழியை விரலால் தடவினாள்.

"இது இவ்வளவு சுத்தமா இருக்கும்னு நான் நினைக்கல மேடம். ஒவ்வொரு தடவையும் ஏறுது. எனக்கு புல்லரிக்குது."

"புல்லரிப்பு ஆதாரம் இல்ல."

"தெரியும். ஆனா இது ஆதாரம்தானே?"

ஜன்னலைச் சாத்தினேன். காற்றில் காகிதம் பறந்தது.

பிறகுதான் விஷயம் வெளிவந்தது. பெங்களூரில் தூக்கத்தைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நல்ல ஆய்வகம், நல்ல வழிகாட்டி. முப்பத்தொன்றாம் தேதிக்குள் சேருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இவள் எழுதப் போவதில்லையாம். அதை விட்டுவிட்டு, தாத்தாவின் கண்டுபிடிப்பையே தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொள்ளப் போகிறாளாம். வடக்கே ஏதோ ஓர் அறக்கட்டளை ஆதரவு தருகிறதாம்.

"தாத்தாவைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க மேடம். நான் நிரூபிக்கப் போறேன்."

அவள் போன பிறகு சுருள்களைத் திரும்பச் சுற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. என் கை முன்புபோல் இல்லை.

73, 85, 78.

ஜூலை 16, செவ்வாய்

'எல்லாரும் சிரித்தார்கள்' என்றாள் யாமினி. அது உண்மை. கட்டுரையைப் படித்த ஐரோப்பிய ஆய்வகம் ஒன்று 1981இல் அருணகிரியை அழைத்தது. கோட்டும் கம்பளிக் காலுறையும் வாங்கிக்கொண்டு போனார். அங்கே அறுபது அமர்வுகள் நடத்தினார். முள் ஒருமுறைகூட அசையவில்லை. இரண்டு ஆண்டுக்கு அழைத்தவர்கள் ஒன்பது மாதத்தில் திருப்பி அனுப்பினார்கள். இங்கே துறையில் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பதவி உயர்வு வரவில்லை. விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றார். ஏன் அங்கே நடக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "அங்க தெய்வநாயகி இல்லையே."

தெய்வநாயகி நான்.

குளிர்தேசம் அது. அந்த அறைகளின் படத்தை அவர் அனுப்பியிருந்தார். சுவர், நாற்காலி, கருவி. கூரை வெறுமையாக இருந்தது. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன்.

72, 81, 74.

ஜூலை 18, வியாழன்

நேற்று நான் பேசிய சொற்களை எண்ணினேன். ஆரோக்கியமேரியிடம் பதினான்கு, பால்காரரிடம் இரண்டு, பூனையிடம் ஏழு. பூனை என்னுடையது அல்ல.

72, 82, 75. நான்கு மணிக்கு முன் தலை வாரிக்கொள்ளும் பழக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. நிறுத்த வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

இருபதாம் அமர்வு. 71, 84, 76. சோதனை முடிந்தது. எண்களை நகலெடுத்து யாமினிக்கு அனுப்பினேன்.

நான்கரைக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மளிகை டப்பாக்களைத் துடைத்தேன். ஆறு மணிக்குள் எல்லா டப்பாவும் முடிந்துவிட்டது.

ஜூலை 23, செவ்வாய்

எந்த நாள் எது என்ற பட்டியலைக் காலையில் யாமினி உறை பிரித்து அனுப்பியிருந்தாள், கணக்கைப் போட்டு வைத்திருந்தேன். பிறகு அருணகிரியின் குரலைப் பதினோரு ஆண்டுக்குப் பிறகு கேட்டேன்.

"தெய்வநாயகி! இருபது நாளும் ஏறியிருக்கு! ஒரு நாள்கூட தப்பல!"

"பாத்த பத்து நாள்ல சராசரி ஒன்பது புள்ளி மூணு ஏத்தம் சார். பாக்காத பத்து நாள்ல ஒன்பது புள்ளி அஞ்சு. வித்தியாசம் இல்ல. சோதனை தோல்வி."

"தோல்வியா? பேப்பர் படிக்கிற நாள்லயும் உங்க நெனப்புதான் வந்துச்சு, நான் என்ன பண்ண? மனசு சீட்டுக் குலுக்கலுக்குக் கட்டுப்படுமா?"

விஞ்ஞானத்தில் இதைவிட மோசமான வாதம் ஒன்றை நான் கேட்டதில்லை. இருந்தும் தொலைபேசியைக் காதோடு இன்னும் சேர்த்து வைத்துக்கொண்டேன். இருபது நாளும் ஏறியதற்குக் காரணம் வெளிப்படையானது. நான்கு மணிக்கு ஒருவர் நம்மை நினைக்கக்கூடும் என்று ஒரு கிழவியிடம் சொன்னால் அவளுடைய நாடி ஏறும். அதற்குக் கும்பகோணத்தில் யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

பின்னணியில் யாமினியின் குரல். தொலைபேசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள், தெரு ஓசை கேட்டது.

"மேடம், இந்த இருபது நாள் ஒண்ணுமில்லன்னு எனக்கும் தெரியும். தாத்தாகிட்ட சொல்லாதீங்க. ஆனா எழுபத்தொன்பது இருக்கே? கண்ணைக் கட்டி, காதை அடைச்சு, நாப்பத்திரெண்டு நாள். அதை யாரும் அசைக்க முடியாது. அதை நம்பித்தான் போறேன். பெங்களூருக்கு வரலன்னு வெள்ளிக்கிழமை லெட்டர் போட்டுருவேன்."

"வெள்ளிக்கிழமை காலைல இங்க வா. லெட்டரைக் கையோட கொண்டு வா. இங்கேயே போடலாம்."

"எதுக்கு மேடம்?"

"உன் ஆய்வுல முதல் அமர்வை நான் நடத்துறேன்."

சிறுமியைப் போலக் கத்தினாள், சந்தோஷத்தில்.

ஜூலை 24, புதன்

ஆரோக்கியமேரியிடம் வெள்ளிக்கிழமை சற்று முன்னதாக வரச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியை அன்று காலை நிரப்பாமல் விடவும் சொன்னேன். "ஏன்" என்றாள். "அறிவியல்" என்றேன். அதற்குமேல் அவள் கேட்பதில்லை.

ஜூலை 26, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

யாமினி பத்து மணிக்கு வந்தாள். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். காதில் பஞ்சு, கண்ணில் அவளுடைய துப்பட்டா. பஞ்சை வைப்பதற்கு முன் சொன்னேன்:

"நான் பின்கட்டுக்குப் போறேன். உன் போட்டோ என் கையில இருக்கு. அப்பப்ப அதைப் பாப்பேன். பாக்குற மாதிரி உனக்குத் தோணினா கையைத் தூக்கு."

"நிஜமாவே தோணுமா மேடம்?"

"எனக்குத் தோணிச்சு."

இந்த வீட்டைக் கட்டி நாற்பத்தொரு ஆண்டாகிறது. மின்கம்பிகளும் அந்த வயதுதான். பின்கட்டில் கிணற்று மோட்டாரின் சுவிட்ச் அருகே ஆரோக்கியமேரியை நிறுத்தியிருந்தேன். நான் கூடத்து வாசலில் நின்றுகொண்டேன். புகைப்படம் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை நான் தொடவே இல்லை. நான் கையசைக்கும்போதெல்லாம் ஆரோக்கியமேரி மோட்டாரைப் போட்டு, அரை நிமிடத்தில் அணைத்தாள்.

முதல் முறை யாமினி கையைத் தூக்கவில்லை. இரண்டாம் முறை தலையைச் சாய்த்தாள். மூன்றாம் முறையிலிருந்து ஒருமுறைகூடத் தவறவில்லை. உதட்டில் புன்னகை. அந்தப் புன்னகையை வெளியிலிருந்து நான் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன்.

பன்னிரண்டாம் முறை பின்கட்டிலிருந்து ஆரோக்கியமேரி கத்தினாள்: "டீச்சரம்மா! டேங்க் நெறஞ்சு தெருவரைக்கும் ஓடுது! இன்னும் எத்தன தடவ?"

போதும் என்றேன். யாமினியின் துப்பட்டாவை அவிழ்த்தேன். கண் கூச, முகம் மலர்ந்திருந்தாள்.

"எத்தனை சரி மேடம்?"

"பன்னெண்டுக்குப் பத்து. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"தெரியல. திடீர்னு முகத்துல ஒரு மாதிரி... வெதுவெதுன்னு. யாரோ கிட்ட வந்த மாதிரி."

"இன்னும் சரியாச் சொல்லு. நீ பதக்கம் வாங்கினவ."

கண்ணை மூடி யோசித்தாள். பிறகு மெல்லக் கூரையைப் பார்த்தாள்.

"காத்து," என்றாள். "காத்து கொறைஞ்சுது."

பின்கட்டுக்குக் கையசைத்தேன். மோட்டார் உறுமியது. எங்கள் தலைக்கு மேல் விசிறி சற்றே தளர்ந்தது. அணைத்ததும் மீண்டும் வேகம் பிடித்தது.

யாமினி விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அந்த ஒண்ணாம் ரூம்ல ஃபேன் இருந்துச்சா?"

"இருந்துச்சு. என் தலைக்கு நேர் மேல."

"ப்ரொஜெக்டர் பல்பு எத்தனை வாட்?"

"ஆயிரம். ரெண்டு ரூமுக்கும் ஒரே லைன். அதைப் போட்டா வோல்டேஜ் எறங்கும்."

"கருவிக்கு ஸ்டெபிலைசர் வெச்சீங்கன்னு தாத்தா எழுதியிருக்காரே."

"கருவிக்கு வெச்சோம். ஃபேனுக்கு வெக்கல."

தோலை அளந்தவர்கள் தோலுக்கும் உணர்வு உண்டு என்பதை மறந்துவிட்டோம். அது தமிழ்நாட்டு மே மாதம். விசிறி இல்லாமல் அந்த அறையில் யாரையும் உட்கார வைத்திருக்க முடியாது. ஆகவே விசிறியை யாரும் ஒரு பொருளாகவே எண்ணவில்லை. அது காற்று, அவ்வளவுதான். குளிர்தேசத்து அறையில் விசிறியே இல்லை. பாவம், அந்த மனிதர் அறுபது அமர்வுகளில் அங்கே தேடியது பாசமுள்ள ஓர் உள்ளங்கையை.

யாமினி பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். கிழிக்கவில்லை. நான்காக மடித்து மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள். கிழிப்பது நாடகம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இவள் பெங்களூரில் நன்றாக வருவாள்.

"தாத்தாகிட்ட இதைச் சொல்லிராதீங்க மேடம். எண்பத்திமூணு வயசு. இது ஒண்ணுதான் அவருக்கு மிச்சம்."

"அந்த மிச்சத்துலதான் நீ விழப் பாத்த."

"நான் விழல இல்ல? அவரை விட்டுருங்க."

"அவருக்கு வயசாச்சுன்னா உண்மைக்கு வயசு வரம்பு வந்துருமா?"

அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். அழுகிறவர்களுக்கு வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுது?"

"அதை முதல்ல கேக்க வேண்டியவர் உன் தாத்தா."

தெருவில் தொட்டித் தண்ணீர் ஓடி, எதிர்வீட்டுக் கோலம் அழிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். பதினைந்து சொற்கள்.

ஜூலை 28, ஞாயிறு

யாமினி பெங்களூருக்குச் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டதாகச் செய்தி. நல்லது.

மாலை நான்கு மணிக்குக் கும்பகோணத்துக்கு அழைத்தேன். தலை வாரிக்கொள்ளவில்லை. விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அருணகிரி உடனே எடுத்தார். மின்விசிறி, ப்ரொஜெக்டர், ஒரே மின்கம்பி, விசிறியில்லாத வெளிநாட்டு அறை எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வதைப் போலச் சொல்லி முடித்தேன். அவர் இடைமறிக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

"அப்ப அது நான் இல்ல," என்றார்.

"நீங்க இல்ல சார். ஆயிரம் வாட் பல்பு."

"அறுபது அமர்வு... அங்க குளிர்ல உக்காந்து..." நிறுத்தினார். "யாமினி கண்டுபிடிச்சாளா?"

"கண்டுபிடிச்சா. கெட்டிக்காரி."

"எனக்குத் தோணவே இல்லையே. உங்களுக்கு இது எப்பத் தோணிச்சு? இப்பவா?"

'இப்போதுதான்' என்று சொல்வது எளிது. அவரே எடுத்துக் கொடுத்த பொய்.

"மூணாவது நாளே தெரியும் சார்."

"மூணாவது நாளா? எழுபத்தொன்பதுலயா?"

"ஆமா. காத்து கொறைஞ்சா நீங்க என்னைப் பாக்குறீங்கன்னு தெரியும். உள்ளங்கை வேர்த்துரும். அதுல மட்டும் பொய் இல்ல. மிச்சம் முப்பத்தொன்பது நாளும் அந்த ஃபேன் எப்ப மெதுவாகும்னுதான் உக்காந்திருந்தேன்."

கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாதவரைப் போலக் கேட்டார்:

"அன்னிக்கே ஒரு வார்த்தை ஏன் சொல்லல தெய்வநாயகி?"

"சொல்லியிருந்தா நீங்க ப்ரொஜெக்டரை அணைச்சிருப்பீங்க."